மழைக்காலத்தில் தேனீக்களைக் காப்பது எப்படி?

தேன் வரத்துள்ள காலத்தில் பெட்டியைக் கவனிக்காத தேனீ வளர்ப்போர் எவருமில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறந்து பார்ப்போர் சிலரே. மழையால் தேனீக்கள் வெளியே செல்ல இயலாது; மலர்களும் குறைவு. உணவின்றி வாடும் இந்தியத் தேனீக் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். விவசாயிக்கு எஞ்சுவது வெறும் பெட்டியே.

முட்டையிலிருந்து பணித்தேனீ வெளிவர ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். அது வெளியே சென்று மது திரட்ட மேலும் 2 முதல் 3 வாரங்கள் தேவை. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பில் சுரக்கும் மதுவே தேனாகிறது. மாசியில் அதைத் திரட்ட வேண்டிய தேனீக்கள் மார்கழி, தை மாதங்களில் இடப்படும் முட்டைகளிலிருந்தே வரவேண்டும். எனவே மாசித் தேன் மழைக்காலப் பராமரிப்பைப் பொறுத்ததாகும்.

உணவு அளித்தல்

புழு அறையிலுள்ள தேனை எடுக்கக் கூடாது. இருப்பு குறைந்தால், காய்ச்சி இறக்கிய 1 லிட்டர் நீரில் 1 கிலோ வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஆறவிடவும். வாரம் ஒருமுறை கூட்டத்திற்கு 200 கிராம் சர்க்கரை கிடைக்குமாறு, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைக்கவும். தேனீக்கள் மூழ்காதிருக்கச் சிறு குச்சிகளை மிதக்கவிடவும். வெல்லப்பாகு கொடுத்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில், மாலையில் கொடுக்க வேண்டும். பாகு வெளியே சிந்தினால் ஒரு கூட்டம் மற்றொன்றைக் கொள்ளையிடும்.

இடத்தைச் சுருக்குதல்

தேனீக்கள் மூடாத அடைகளை மெழுகு அந்துப்பூச்சி தாக்கும். இதன் புழுக்கள் அடையைத் துளைத்து நூலாம்படை போல் பின்னிவிடும். ஆகவே தேன் அறையை எடுத்துவிட்டு, புழு அறையில் தேனீக்கள் நிறைந்த அடைகளை மட்டும் விட்டுத் தடுப்புப் பலகை வைக்கவும். பழைய கறுத்த அடைகளை உருக்கி மெழுகாக்கலாம். அடிப்பலகையை வாரந்தோறும் சுத்தம் செய்து, இடுக்குகளை அடைக்கவும்.

வலுவற்ற கூட்டங்களை இணைத்தல்

வலுவற்ற கூட்டத்தின் ராணியை முதல்நாளே அகற்றவும். மறுநாள் மாலை வலுவான கூட்டத்தின் புழு அறைமீது ஊசியால் துளையிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ராணியற்ற கூட்டத்தை வைக்கவும். தேனீக்கள் தாளைக் கடித்துத் துளைப்பதற்குள் இரண்டின் மணமும் கலந்துவிடும், சண்டை நேராது.

ஆனால் நோயுற்ற கூட்டத்தை இணைக்கலாகாது. புழுக்கள் தலை நிமிர்ந்து, நீர் நிறைந்த பைபோல் இறந்து கிடந்தால் அது தாய்லாந்து பைப்புழு நோயாகும். 1991-92இல் தென்னிந்தியாவில் ஏராளமான கூட்டங்களை அழித்த இந்த நச்சுயிரி நோய்க்கு மருந்தில்லை. அப்பெட்டியின் அடைகளை மற்றவற்றிற்கு மாற்றாமல் தனியே வைக்கவும்.

பெட்டி இருக்கும் இடம்

பெட்டியின் வாயில் மழைச்சாரல் அடிக்கும் திசையை நோக்கி இருக்கக் கூடாது. மழைநீர் உள்ளே தேங்காதவாறு பெட்டியை முன்புறம் சற்றே சாய்த்து வைக்கவும். தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

மழை ஓய்ந்த வெயில் வேளையில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கவும். மகரந்தம் வருவது நின்று, முட்டையும் தேனும் இல்லாதிருந்தால் கூட்டம் ஓடத் தயாராகிறது எனலாம். உடனே பாகு கொடுக்கவும். கூட்டம் ஒன்றுக்கு வாரம் 200 கிராம் சர்க்கரைச் செலவைப் பார்த்துத் தயங்கினால், மாசியில் தேன் எடுக்கப் பெட்டியில் தேனீ இராது.