நீட்டிய படம், வெட்டிய படம்: உங்க டிஸ்க்கில் இருப்பது எது?

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூணு படத்தையும் தியேட்டர் வடிவத்தில் பார்த்து முடிக்க 9 மணி 18 நிமிஷம் ஆகும். 178, 179, 201 நிமிஷம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். நீட்டிய வடிவத்தில், அதாவது எக்ஸ்டெண்டட் எடிஷனில், முதல் படத்துக்கு சுமார் 30 நிமிஷம், இரண்டாவதுக்கு 43, மூணாவதுக்கு 50 நிமிஷம் கூடுதல். மொத்தம் 11 மணி 20 நிமிஷத்தைத் தொடும். இதில் எது "உண்மையான" படம் என்று டிஸ்க் சேகரிப்பவர்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் வேலையத்த சண்டை மாதிரி தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் நம்ம தமிழ்ப் படங்களுக்கும் தேவையான பாடம் அதில் இருக்கு.

அவர்கள் எதற்குச் சண்டை போடுகிறார்கள்?

முதல் சண்டை, எந்த வெட்டு சரி என்பது. மூணாவது படத்தின் தியேட்டர் வடிவத்தில் சாருமானின் முடிவே இல்லை. அந்த வேடம் போட்ட கிறிஸ்டோபர் லீ இதில் வருத்தப்பட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. நீட்டிய வடிவத்தில்தான் அந்தக் காட்சி திரும்பி வந்தது. ஆனால் இயக்குநர் பீட்டர் ஜாக்சனோ, தன் கணக்கில் தியேட்டர் வடிவம்தான் இறுதியானது, நீட்டியது ரசிகர்களுக்காகச் செய்தது என்கிற மாதிரிதான் பேசியிருக்கிறார்.

இரண்டாவது சண்டை, நிறம். 2011-இல் நீட்டிய வடிவம் புளூரேயில் வந்தபோது முதல் படம் முழுக்க லேசாகப் பச்சை படர்ந்திருந்தது. பனிமலைகூட பச்சை வாடையோடு தெரிந்தது. திட்டமிட்டு மாற்றியது என்றார்கள் வெளியிட்டவர்கள், டிஸ்க் வாங்கியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2020 டிசம்பரில் 4கே டிஸ்க் வந்தது. அதில் நிறம் சரியானது, ஆனால் ஃபிலிமின் மணிமணியான தன்மையை மழித்து முகங்களை மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று புது வழக்கு. ஒளிப்பதிவாளர் ஆண்ட்ரூ லெஸ்னி 2015-லேயே காலமாகிவிட்டார். "நீங்க எடுத்தது எந்த நிறம்?" என்று கேட்க ஆள் இல்லை.

இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, சண்டை நடக்கவே எது காரணம் என்று பாருங்கள். 2002 டிவிடி, 2011 புளூரே, 2020 4கே மூணும் யாரோ ஒருத்தர் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. புதுசு வந்ததும் பழசு அழிந்துபோகவில்லை. 4கே பெட்டியிலேயே தியேட்டர் வடிவம், நீட்டிய வடிவம் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். என் தொழில் பாஷையில் சொன்னால், எல்லா வெர்ஷனும் பத்திரமாக இருக்கு, அதனால் எது எங்கே மாறியது என்று ஒப்பிட முடிகிறது.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

நம்ம ஊரில் பெரும்பாலும் திசையே வேறு. அங்கே படம் நீளுது, இங்கே சுருங்குது.

"பாகுபலி" இரண்டு பாகமும் (2015, 2017) சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். 2025 அக்டோபர் 31-இல் இரண்டையும் ஒன்றாக்கி "பாகுபலி: தி எபிக்" என்று 3 மணி 45 நிமிஷத்துக்கு விட்டார்கள். பாடல்களும் காதல் பகுதியில் பெரும்பகுதியும் போயிற்று. ரஜினியின் "பாபா" 2002-இல் வந்தது. 2022 டிசம்பரில் மறுபடி வெளியிட்டபோது படத்தை வெட்டிச் சுருக்கி, முடிவையும் மாற்றினார்கள். செல்வராகவனின் "ஆயிரத்தில் ஒருவன்" (எம்.ஜி.ஆர். படம் இல்லை, 2010 பொங்கலுக்கு வந்தது) தமிழில் சுமார் மூணு மணி நேரம், தெலுங்கில் அதைவிடக் குறைவு.

இதில் எதையும் தப்பு என்று சொல்ல வரவில்லை. படத்தை எடுத்தவருக்கு அதை மறுபடி தொட உரிமை உண்டு. என் கவலை, பழைய வடிவம் எங்கே போகும் என்பதுதான். டிஸ்க் கடையே இல்லாத காலத்தில் படம் என்பது ஏதோ ஒரு சர்வரில் இருக்கும் ஒரே ஒரு கோப்பு. அதை எடுத்துவிட்டு வேறு கோப்பை வைத்தால் பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. போஸ்டர் அதே, பெயர் அதே.

நமக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு சிடி விலையிலேயே அசல் கிடைத்தது. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு ஐங்கரன் டிவிடிகள் இருந்தன. அப்போது வாங்கி, பரணில் தூக்கிப் போட்ட டிஸ்க்குகள்தான் இன்றைக்குப் பல படங்களின் பழைய வடிவத்துக்குச் சாட்சி. மோசர் பேர் 2018-இல் திவாலாகிக் கலைப்புக்குப் போனது.

அந்தச் சாட்சிக்கு ஆயுசும் கம்மி. டிவிடிக்குள் மெல்லிய அலுமினியப் படலம் இருக்கு. ஓரத்து ஒட்டு விட்டு ஈரக்காற்று உள்ளே போனால் அது அரித்துப் புள்ளி புள்ளியாகும். மஞ்சக்குப்பத்தில் கடல் காற்று இரும்பு கேட்டையே தின்னுது, டிஸ்க் எம்மாத்திரம்! 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 மழை வெள்ளம் இரண்டையும் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு ஈரம் ஏறிய அட்டைப்பெட்டி என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இருப்பது எந்த வடிவம்? கண்டுபிடிக்க நாலு வழி

1. *ஓடும் நேரத்தை அப்படியே நம்பாதீங்க.* ஃபிலிமில் விநாடிக்கு 24 படம். நம்ம ஊர் டிவி முறையான பிஏஎல்-இல் விநாடிக்கு 25. அதனால் பெரும்பாலான பிஏஎல் டிவிடிகளில் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதிவு செய்தார்கள். 180 நிமிஷப் படம் 172 நிமிஷம் 48 விநாடியில் முடிந்துவிடும். 7 நிமிஷம் குறையும், ஆனால் ஒரு காட்சிகூட வெட்டியிருக்க மாட்டார்கள். அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் இந்தச் சுருக்கம் இல்லை. சுருதியைத் திருத்தாத டிஸ்க் என்றால் பாட்டு அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்து கேட்கும். கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ரிங்ஸ் முதல் படத்தின் நீட்டிய வடிவம் 208 நிமிஷம், புளூரேயில் 228 காட்டும். கூடுதல் 20 நிமிஷமும் காட்சி இல்லை, ரசிகர் மன்றத்தாரின் பெயர்ப் பட்டியல்! நம்ம ஊர் கட் அவுட் கலாச்சாரம் தோற்றது போங்க.

2. *சென்சார் சான்றிதழில் நிறுத்திப் பாருங்க.* படத்துக்கு முன்னால் வரும் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. 35 எம்எம் காலத்துச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். ஒரு நிமிஷத்துக்கு 27.4 மீட்டர். 4,400 மீட்டர் என்று போட்டிருந்தால் சுமார் 160 நிமிஷப் படம். டிஸ்க்கில் 140 நிமிஷம்தான் ஓடுகிறது என்றால், பிஏஎல் கணக்கைக் கழித்த பிறகும் 13 நிமிஷத்துக்கு மேல் எங்கேயோ போயிருக்கு. இடது கீழ் மூலையில் முக்கோணம் இருந்தால், சான்றிதழ் தரும்போதே சில வெட்டுகள் நடந்தன என்று அர்த்தம்.

3. *விசிடி என்றால் கூடுதல் சந்தேகம்.* ஒரு விசிடியில் சுமார் 80 நிமிஷம்தான் பிடிக்கும். இரண்டு டிஸ்க் என்றால் அதிகபட்சம் 160. மூணு மணி நேரப் படம் இரண்டே டிஸ்க்கில் இருந்தால் ஏதோ ஒன்று கழன்றிருக்கு, அநேகமாகப் பாட்டு.

4. *டிவியில் பதிவு செய்தது தனி வடிவம்.* "ஏ" சான்றிதழ் படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். விளம்பரத்துக்கு இடம் விட வெட்டுவது அதற்கு மேல்.

அப்போ எதை வைத்துக்கொள்வது?

"நல்ல பிரிண்ட் வந்துட்டா பழசு எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரிங்ஸ் சேகரிப்பாளர்களின் இருபது வருஷச் சண்டையில் இதற்குப் பதில் இருக்கு. படத் தெளிவில் 4கே பக்கத்தில் பழைய டிவிடி நிற்கவே முடியாது. ஆனால் நிறம் மாறிவிட்டது என்று ஒருத்தர் சொல்லும்போது, அதை நிரூபிக்க உதவுவது அந்தப் பழைய டிவிடிதான். பார்க்கிறதுக்குப் புதுசு, ஒப்பிடுவதற்குப் பழசு. இரண்டுக்கும் வேலை வேறு.

"பாபா"வின் 2002 முடிவை இன்றைக்குப் பார்த்தவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். இன்னும் முப்பது வருஷம் போனால் அப்படிச் சொல்ல ஆள் இருக்காது. அப்போது யாராவது தமிழ் சினிமாவை ஆராய உட்கார்ந்தால், கையில் கிடைக்கும் ஒரே வடிவத்தையே முதல் வடிவம் என்று எழுதிவிடுவார்.

அதனால் பழைய சிடி வாங்குகிறவரிடம் எடைக்குப் போடும் முன்னால் பரணில் இருக்கும் பெட்டியை ஒரு தடவை இறக்குங்க. ஒரு நோட்டில் ஐந்தே ஐந்து விஷயம் எழுதுங்க: படம், வெளியிட்ட கம்பெனி, பிஏஎல்-ஆ என்டிஎஸ்சி-யா, டிஸ்க்கில் ஓடும் நேரம், சான்றிதழில் உள்ள நீளம். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு நிமிஷ வேலை. நீளம் இடிக்கிற படம் ஏதாவது சிக்கினால் அந்த டிஸ்க்கைத் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா பொட்டலத்தோடு எடுத்து வைங்க. வேறு யாரிடமும் இல்லாத ஒரு வடிவமாக அது இருக்கலாம்.