எட்டு வாரம் பொறுங்கள்!

இரவு முழுவதும் நல்ல மழை. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் நேரம், வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் சத்தம். டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கிறீர்கள். கொட்டகையின் மூலையில் உங்கள் வீட்டு நாய் சுருண்டு படுத்திருக்கிறது. அதன் வயிற்றோரம் எலிக்குஞ்சுகளைப் போல் ஆறு குட்டிகள்! பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். உங்களுக்கோ கவலை. "நமக்கே இருப்பது இரண்டு அறை; இத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

இந்தக் கவலைக்கு நம்மில் சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி ஒன்று உண்டு. குட்டிகள் கண் திறந்ததும் ஒரு சாக்கில் போட்டு, மோட்டார்சைக்கிளில் ஏற்றி, பட்டணத்து மார்க்கெட் ஓரத்தில் இறக்கிவிட்டு வருவது. "மீன் தலையும் கோழிக் குடலும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். பால்குடி மறவாத குட்டிக்கு மீன் தலையைக் கடிக்கப் பல் ஏது? பசி, மழை, லாரிச் சக்கரம், இவற்றில் ஒன்றுதான் அதற்குக் காத்திருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எட்டு வாரம் பொறுங்கள். அந்த எட்டு வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதலில் சூடு, பிறகு பால்

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளவும் தெரியாது. நம் ஊர் வெயில் ஊர்தானே என்று இருந்துவிடாதீர்கள். மழை இரவில் ஈரச் சிமெண்டுத் தரை குட்டியின் உயிரைக் குடித்துவிடும். ஓர் அட்டைப் பெட்டியோ பழைய பலகைப் பெட்டியோ போதும். அடியில் பலகை வைத்துத் தரையிலிருந்து சற்று உயர்த்துங்கள். பழைய கைலியை விரித்து, நனைந்தால் உடனே மாற்றுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் குளிப்பாட்ட விடாதீர்கள்.

முதல் 24 மணி நேரத்தில் தாய் தரும் சீம்பாலை ஒவ்வொரு குட்டியும் குடிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் இருக்கிறது. கூட்டத்தில் ஒதுங்கிப்போகும் நோஞ்சான் குட்டி ஒன்று இருக்கும். அதை எடுத்துப் பின்பக்கத்து மடியில் விடுங்கள். அங்கே பால் அதிகம். சமையல் தராசில் நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். பிறந்தபோது இருந்த எடை எட்டுப் பத்து நாளில் இரட்டிப்பாவது நல்ல அறிகுறி.

தாய் லாரியில் அடிபட்டோ நஞ்சு தின்றோ இறந்துவிட்டால்? அப்போது நீங்கள்தான் தாய். தேநீருக்கு ஊற்றும் இனிப்பு டின்பால் கூடவே கூடாது. பசும்பாலும் வயிற்றுப்போக்கைத் தரும். நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வாங்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், இரவிலும்தான். கைக்குழந்தையைப் போல் மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற இருக்கும்படி பிடித்து, மெல்ல மெல்லக் கொடுங்கள். குட்டியின் உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியால் சூடேற்றுங்கள்; அதன் பிறகே பால். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தடவினால்தான் அது சிறுநீர் கழிக்கும். தாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை அது.

கண் திறந்த பிறகு

பத்து முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் தட்டுத் தடுமாறி நடக்கும். அப்போதிலிருந்து குழைந்த சோற்றில் முள் நீக்கிய மீன் அல்லது கோழி இறைச்சியை மசித்துச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். உப்பு நெத்திலி, வெங்காயம், வெந்த கோழி எலும்பு, சாக்லேட் ஆகியவை வேண்டாம். தாய்க்கு இந்த வாரங்களில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி தேவை. அது நடுங்கி, கைகால் விறைத்துக் கிடந்தால் இரத்தத்தில் சுண்ணச்சத்து குறைந்துவிட்டது என்று பொருள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாம் வாரம் முதல் இரு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவை வைத்தியர் சொல்ல வேண்டும். மனிதருக்கான மாத்திரையைக் கிள்ளிக் கொடுக்காதீர்கள். இந்தப் புழு நம் பிள்ளைகளின் கண்ணையும் பாதிக்கக்கூடியது. ஆகவே குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பார்வோ என்னும் இரத்தக் கழிச்சல் நோய் வந்துவிட்டால் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும்.

செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் நஞ்சையும் மறக்க வேண்டாம். ஓடத் தொடங்கிய குட்டி எதையும் வாயில் வைக்கும். கொட்டகைக்கு ஒரு தடுப்புப் போட்டுவிடுங்கள்.

ஏன் எட்டு வாரம்?

"சிறு வயதில் கொடுத்தால்தான் புது வீட்டில் ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்வார்கள். அது தவறு. மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை குட்டிக்குப் பள்ளிக்கூடம். உடன்பிறப்பை அழுத்திக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். தாயை அழுத்திக் கடித்தால் தாய் உறுமும். எவ்வளவு கடிக்கலாம் என்ற பாடம் அங்கேதான் கிடைக்கிறது. அந்தப் பாடம் படிக்காத நாய் நாளைக்கு ஒரு குழந்தையின் கையைப் பதம் பார்க்கலாம்.

இதற்கிடையே நீங்கள் வீடு தேடத் தொடங்கலாம். மண்டோர் வீடு, கிராணி வீடு, கோயிலுக்கு வருவோர், பட்டணத்துச் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். ஆனால் கேட்டவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெண் கொடுக்கும் வீட்டை விசாரிப்பதுபோல் நாலு கேள்வி கேளுங்கள். நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவிடுவார்களா? வேலி உண்டா? நாயை விரும்பாத அண்டை வீட்டார் வாசலுக்கு அது போகாமல் பார்த்துக்கொள்வார்களா? தோட்டம் கைமாறி, விரைவில் அடுக்குமாடிக்குக் குடிபோகப் போகிறவர்களா? பல அடுக்குமாடிகளில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. இன்று ஆசையாக வாங்கிய குட்டி நாளை காலி லயத்து வாசலில் நிற்கும். பட்டணத்தில் வளர்ப்பவர் நகராண்மைக் கழகத்தில் உரிமமும் எடுக்க வேண்டும்.

கடுவன் குட்டிகளைப் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். பெட்டைக் குட்டி கடைசியில் தங்கிவிடும். சாக்குக்குள் போவதும் பெரும்பாலும் அதுதான். பெட்டையை வாங்குகிறவரிடம் ஆறாம் மாதம் கருத்தடை செய்துவிடலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் செலவில் ஒரு பங்கைத் தருவதாகவும் சொல்லுங்கள்.

தாயை மறவாதீர்கள்

குட்டிகள் போன பிறகு தாய்க்குப் பால் வற்றியதும் கருத்தடை செய்துவிடுங்கள். பெட்டை நாய் ஆண்டுக்கு ஏறக்குறைய இரு முறை பருவத்துக்கு வரும். சுமார் 63 நாளில் ஈனும். இன்று ஆறுக்கு வீடு தேடிய நீங்கள் அடுத்த தீபாவளிக்குள் இன்னும் பத்துக்குத் தேட வேண்டியிருக்கும். பிராணிவதைத் தடுப்புச் சங்கம் உள்ள ஊராக இருந்தால் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்களா என்று விசாரியுங்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே வேனில் நாய்களைக் கொண்டு போனால் பயணச் செலவும் குறையும்.

வெறிநாய்க் கடி நோயை நாம் மறந்திருந்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் அது மீண்டும் தலைகாட்டியது. தெருவில் விடப்படும் ஒவ்வொரு குட்டியும் அந்த நோய்க்கு ஒரு வழி. சட்டமும் கண்ணை மூடிக்கொண்டில்லை. 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சாக்கைக் கட்டும்போது உங்கள் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "எங்கே அப்பா கொண்டு போறீங்க?" என்று கேட்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல முடியாத காரியத்தை நாம் செய்யலாமா? எட்டாவது வாரம் அவள் கையாலேயே குட்டியை ஒரு நல்ல வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். அழுதுகொண்டேதான் கொடுப்பாள். ஆனால் அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, வாலை ஆட்டிக்கொண்டு வேலியோரம் ஓடி வருகிறதா என்று முதலில் எட்டிப் பார்ப்பவளும் அவளாகத்தான் இருப்பாள்.