ஜெயில் சப்பாத்தி போட்ட கைக்கு வெளிய யார் வேலை குடுப்பா?

கல்யாண சமையல் எபிசோடுக்குப் பிறகு ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஜெயில்ல சமையல் கத்துக்கிட்டு வர்றவங்க வெளிய வந்து என்ன ஆகுறாங்க?" நல்ல கேள்வி. இன்னைக்கு முழுக்க இதுதான்.

நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போற யாரைக் கேட்டாலும் ஜெயில் சப்பாத்தி தெரியும். பூஜப்புரை மத்திய சிறை வாசல்ல கவுண்டர் இருக்கு. பத்து சப்பாத்தி ஒரு பாக்கெட், கூட முட்டைக்கறியோ சிக்கனோ. கேரள சிறைத்துறை 2011 வாக்கில் இதை ஆரம்பிச்சப்போ ஒரு சப்பாத்தி 2 ரூபாய். பதிமூணு வருஷம் அதே விலைதான், 2025-லதான் 3 ரூபாய் ஆச்சு. டெக்னோபார்க்ல ரூம் எடுத்து தங்கியிருக்கிற பேச்சுலர் பசங்களுக்கு மாசக் கடைசியில இது எவ்வளவு பெரிய உபகாரம்னு எனக்குத் தெரியும். பிராண்ட் பேர் "ஃப்ரீடம்". பேர் வச்சவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி!

2019 ஜூலையில திருச்சூர் பக்கம் உள்ள விய்யூர் மத்திய சிறை ஒரு படி மேல போச்சு. ஸ்விக்கி வழியா பிரியாணி காம்போ. பிரியாணி, ஒரு லெக் பீஸ், மூணு சப்பாத்தி, கப் கேக், சாலட், ஊறுகாய், தண்ணி பாட்டில், சாப்பிட வாழை இலை எல்லாம் சேர்த்து 127 ரூபாய். அப்போ எல்லா பேப்பர்லயும் வந்த செய்தி. டெல்லி திகார்ல டி.ஜே.ஸ்னு பேக்கரி பிராண்டே இருக்கு. நம்ம தமிழ்நாட்டுலயும் மத்திய சிறைகள் பக்கத்துல சிறை அங்காடி, பெட்ரோல் பங்க்னு கைதிகள் வேலை பார்க்கிற இடங்கள் இருக்கு. பாளையங்கோட்டை பக்கம் போனவங்க பார்த்திருப்பீங்க.

விலை எப்படி இவ்வளவு குறைவா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? கட்டடத்துக்கு வாடகை இல்லை, லாப வெறி இல்லை, இதெல்லாம் சரி. ஆனா பெரிய காரணம் கூலி. வெளியில ஒரு சப்பாத்தி மாஸ்டர் வாங்குற சம்பளத்தை உள்ளே யாரும் வாங்குறதில்லை. இந்தக் கூலிச் சண்டை பழசு. 1983-லயே கேரள உயர் நீதிமன்றம் கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்கணும்னு சொன்னது. மேல்முறையீடெல்லாம் போய், 1998-ல உச்ச நீதிமன்றமும் அதை ஒத்துக்கிட்டது. சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகுற செலவைப் பிடிச்சுக்கலாம், பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கணும், மீதி அவங்களோட உழைப்புக்கு உரிய காசுன்னு தீர்ப்பு. எனக்கு இதுல பிடிச்சது அந்த நடுப் பங்கு. திருட்டுக் கொடுத்தவர், மகனைப் பறிகொடுத்தவர், அவங்களும் இந்தக் கணக்குக்குள்ள வர்றாங்க. கைதியைப் பற்றிப் பேசும்போது நாம முதல்ல மறக்கிறது அவங்களைத்தான்.

சரி, வேலை இருக்கு. அது பயிற்சியா? இங்கதான் எனக்கு சந்தேகம். சப்பாத்தியில பெரும்பகுதி மெஷின் பண்ணிடுது. மாவை உருட்டிப் போடுறதும் பாக்கெட் கட்டுறதும் ரெண்டு நாள்ல பழகிடும். அஞ்சு வருஷம் அதையே பண்ணினா அஞ்சு வருஷ அனுபவம் ஆகாது, ரெண்டு நாள் அனுபவம் அஞ்சு வருஷம்தான். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை! நூறு பேருக்குச் சாமான் லிஸ்ட் போடத் தெரியணும், விலை போடத் தெரியணும், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எப்படி எடுக்கிறதுன்னு தெரியணும். அப்போதான் அது தொழில்.

இன்னொரு விஷயம். இந்த வாய்ப்பு யாருக்குக் கிடைக்குது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகள்ல 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூத்துக்கு எழுபத்தஞ்சு பேருக்கு மேல இன்னும் தீர்ப்பே வராதவங்க. வேலையும் பயிற்சியும் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளை வச்சுத்தான் திட்டமிடப்படுது. நம்ம ஊர் ஆள் ஒருத்தருக்கு நீண்ட தண்டனைன்னா நாகர்கோவில் ஜெயில்ல இல்லை, பாளையங்கோட்டைக்குப் போவார். தீர்ப்புக்காக இங்கேயே காத்துக்கிடக்கிறவர் கையில கரண்டி வர்றது அபூர்வம்.

பாளையங்கோட்டைன்னு சொன்னதும் இன்னொன்னு சொல்லியே ஆகணும். அந்தச் சிறையில சாதி வாரியா தனித்தனிப் பகுதியில அடைக்கிறாங்கன்னு ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. மோதல் வராம இருக்கத்தான் அப்படிப் பண்றோம்னு அரசு சொன்னதை 2014-ல நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. பத்து வருஷம் கழிச்சு, 2024 அக்டோபர் 3-ம் தேதி, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரிச்சது. சமையல் வேலை "தகுந்த சாதி"க்காரருக்கு, துப்புரவு வேலை இன்னொரு சாதிக்குன்னு பல மாநிலச் சிறை விதிகள்ல எழுதியே வச்சிருந்தாங்க. அதையெல்லாம் தீண்டாமைன்னு சொல்லி ரத்து பண்ணிட்டாங்க.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. நம்ம பெரியவங்க சமையல்காரரை "தவசிப்பிள்ளை"ன்னு சொல்லுவாங்க. அந்த "பிள்ளை" எங்கிருந்து வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. பந்தியில உக்கார்றதுக்கு முன்னாடி "வைப்பு யாரு?"ன்னு கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்காங்க. அதே மண்ணுலதான் சாமித்தோப்புல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு அய்யா வைகுண்டரும் சொன்னார். அவரையே திருவிதாங்கூர் அரசு பிடிச்சுட்டுப் போய் திருவனந்தபுரத்துல சிறை வச்சது. ஆக, யார் சமைக்கலாம்கிறது ஜெயில் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே கேள்விதான்.

இப்போ கேட்டுக்கு வெளிய வருவோம். நம்மள்ல நிறைய பேர் கம்பெனியில சேரும்போது பி.ஜி.வி. பார்த்திருப்போம். அட்ரஸ், படிப்பு, கோர்ட் ரெக்கார்டு. டெலிவரி வேலைக்குக்கூட இப்போ பின்னணி பார்க்கிறாங்க. பிரிட்டன்ல 1974-லயே ஒரு சட்டம் போட்டாங்க. பல குற்றங்களுக்கு, குறிப்பிட்ட வருஷம் ஒழுங்கா இருந்துட்டா பெரும்பாலான வேலைகளுக்கு அந்தப் பழைய தண்டனையை நீங்க சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவுல பெரியவங்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. பழைய கேஸ் ஆயுசுக்கும் கூட வரும்.

2024 ஆகஸ்ட்ல பூஜப்புரை சிறையோட உணவகத்துல சுமார் 4 லட்சம் ரூபாய் திருடு போச்சு. போலீஸ் பிடிச்சது அங்கேயே முன்னாடி தண்டனை அனுபவிச்ச ஒருத்தரை. மீம் போட்டு சிரிச்சாங்க, நானும் ரெண்டு ஃபார்வர்டு பண்ணினேன். "பார்த்தீங்களா, திருந்த மாட்டாங்க"ன்னு சொல்றவங்க கிட்ட எனக்கு ஒரே கேள்வி: விடுதலை ஆன மறுநாள் காலையில அந்த ஆளுக்கு எங்க வேலை இருந்தது?

இதை ஒழுங்கா யோசிச்சவங்க லண்டன் பக்கத்துல ஹை டவுன் சிறையில 2009-ல "தி கிளிங்க்"னு உணவகம் திறந்தாங்க. பொதுமக்கள் உள்ளே போய் சாப்பிட்டாங்க, கத்தியும் முள்கரண்டியும் பிளாஸ்டிக்ல. என்னைக் கேட்டா சாப்பாடு அங்க ரெண்டாம் பட்சம். விடுதலைக்கு முந்தைய மாசங்கள்லதான் ஆள் எடுக்கிறாங்க, முறையான சான்றிதழ் பயிற்சி கொடுக்கிறாங்க, வெளிய ஒரு ஹோட்டல்ல வேலைக்குப் பேசி வைக்கிறாங்க, அதுக்குப் பிறகும் மாசக்கணக்குல ஒருத்தர் கூடவே நிக்கிறார். வீடு கிடைச்சதா, பேங்க் அக்கவுண்ட் திறந்தாச்சா, குடிக்காம இருக்கானா, எல்லாம் கேட்பார்.

நம்ம ஊருக்கு ஸ்டார் ஹோட்டல் வேண்டாம். ஆக்குப்புரை போதும். முந்தின ராத்திரி காய் வெட்டணும், தேங்காய் துருவணும், மூணு மணிக்கு அடுப்பு பத்த வச்சு அவியல், எரிசேரி, துவரன், ரசம், ரெண்டு பாயசம் எல்லாம் பந்திக்கு முன்னாடி இறக்கணும். கை எப்பவும் பத்தாது. முகூர்த்த நாள்ல ஆள் கிடைக்காம அலையுற மேஸ்திரிகளை நீங்களே பார்த்திருப்பீங்க. இங்க ஹெச்.ஆர். கிடையாது, பி.ஜி.வி. கிடையாது, மேஸ்திரியோட வாய்ச்சொல்தான் சர்டிபிகேட். பாளையங்கோட்டையில விடுதலை ஆகப்போற பத்து பேருக்குக் கடைசி ஆறு மாசம் நம்ம ஊர் மேஸ்திரி ஒருத்தர் போய் உருளியில பிரதமன் கிண்டச் சொல்லிக் கொடுத்து, வெளிய வந்ததும் தன் செட்டுலயே சேர்த்துக்கிட்டா? காசு வசூல் பொறுப்பை முதல் வருஷம் கொடுக்க வேண்டாம், கூலியை வேலை முடிஞ்ச கையோட கொடுத்துடணும்.

கல்யாண வீட்டுக்காரங்க கிட்ட சொல்லணுமா, வேண்டாமா? இதுல என்னால ஒரு முடிவுக்கு வர முடியலை. சொன்னா பாதிப் பேர் வேற ஆளைப் பார்ப்பாங்க. சொல்லாம விட்டு நாளைக்குத் தெரிஞ்சா மேஸ்திரியோட பேரும் சேர்ந்து போகும். சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிற அண்ணாச்சிமார், அக்காமார் யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம்னா சொல்லல. அடுத்த எபிசோட்ல போட்டுருவோம்.