கட்டுடலும் பலவகை உணவும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி வந்த நம் போன்றோர் வீடுகளில் அடுப்பங்கரை என்பது சமைக்கும் இடம் மட்டும் அன்று. ஊரின் மணம் எஞ்சியிருக்கும் இடமும் அதுவே. கொல்கத்தாவில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், லேக் மார்க்கெட்டில் பச்சென்ற முருங்கைக் கீரையைக் கண்டதும் நம் பெண்மணிகளின் முகம் மலர்வது அதனால்தான். அப்படிப்பட்ட ஓர் அடுப்பங்கரையில் எழுந்த பிணக்கையும் அது தீர்ந்த விதத்தையும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பயன்படக்கூடும்.

பிணக்கு நேர்ந்தது என் தங்கையின் வீட்டில். அவளுடைய மகனுக்கு வயது 22. எடை 60 கிலோ. மெலிந்த தேகத்தைக் கட்டுடலாக்க வேண்டும் என்ற ஆசையில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்தான். ஆசை நல்லதே; பிள்ளை விடியற்காலையில் எழுந்து வியர்வை சிந்துவதைக் கண்டு நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அங்கே அவனுக்கு ஓர் உணவுப் பட்டியலும் கிடைத்தது. காலையில் ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, பகலில் தோல் நீக்கி வேகவைத்த கோழி மார்புக் கறியும் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறும், இரவிலும் அதுவே, இடையில் தண்ணீரில் கலக்கிய புரத மாவு. இதற்குச் ‘சுத்த உணவு’ என்று பெயராம். எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரைப் பண்டமும் விலக்கப்பட்டன, அது சரியே. ஆனால் அவற்றோடு சேர்ந்து சாம்பாரும் கீரையும் தயிரும் பழமும் வாசற்படிக்கு வெளியே தள்ளப்பட்டன.

“அண்ணா, ஒரே வீட்டில் இரண்டு உலை வைக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் ஆய்ந்து கழுவிச் சமைத்த கீரையைச் சுத்தமில்லாத உணவு என்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை” என்று தங்கை கண் கலங்கினாள். தாயும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து உண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஐந்தாம் மாத முடிவில் பையனுக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் கசிந்தது. மலச்சிக்கல் வாட்டியது. பயிற்சியில் முன்பிருந்த ஊக்கம் இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் ஈறைப் பார்த்துவிட்டு, “நேற்று என்ன சாப்பிட்டாய்?” என்றார். சொன்னான். “அதற்கு முந்தின நாள்?” அதையே சொன்னான். “போன மாதம்?” பையன் தலையைக் குனிந்துகொண்டான். மருந்துச் சீட்டில் அவர் முதலில் எழுதியது கொய்யாப்பழம்.

வீடு திரும்பும் வழியில் அவன் என்னைக் கேட்டான்: “மாமா, புரதம் ஒரு கிராம்கூடக் குறையவில்லையே. பிறகு ஏன் இப்படி?” கேள்வி நியாயமானது. அதற்கான விடை பழைய கப்பல் கதை ஒன்றில் இருக்கிறது.

1747 ஆம் ஆண்டில் ‘சாலிஸ்பரி’ என்ற ஆங்கிலேயக் கடற்படைக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் இருந்தார். அக்காலத்தில் உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த ரொட்டியையும் மாதக்கணக்கில் உண்ட மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும், பலம் குன்றும், பலர் மாண்டும் போவர். இறைச்சி உண்டவர்களுக்குப் புரதப் பஞ்சம் ஏது? லிண்ட் நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். அந்தப் பழங்களில் இருந்தது ‘சி’ வைட்டமின் என்பது பின்னாளில் தெரிய வந்தது. நம் உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. நெடுநாள் சேமித்து வைக்கவும் மாட்டாது. வேகவைத்த கோழியிலும் வெள்ளைக்கருவிலும் வெள்ளைச் சோற்றிலும் அது இல்லை என்றே சொல்லலாம். கடல் ஏறாமலே என் மருமகன் அந்த மாலுமிகளின் ஆகாரத்தை உண்டுவந்திருக்கிறான்!

இரண்டாவது செய்தி நம் நாட்டைச் சேர்ந்தது. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918 இல் தோன்றியது நம் நீலகிரிக் குன்னூரில்தான். 1958 இல் அது இடம் மாறியது. அதனைத் தொடங்கிய இராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி என்று அமைந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. ‘மதராசி’ உணவை உண்டவை கடைசியில் நின்றன. இதைக் கேட்டு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ்ச் சமையல் முழுவதும் அந்தக் கூண்டுக்குள் போகவில்லை. போனது வயிற்றைப் பெரும்பாலும் அரிசியாலேயே நிரப்பிக்கொண்ட ஏழை உணவு. பாலும் கீரையும் காயும் போதாமல் போனதே குறை. ஏழை வறுமையால் செய்துகொண்டதை, வசதியுள்ள நம் பிள்ளைகள் பணம் கொடுத்துச் செய்துகொள்வதுதான் வேடிக்கை.

புரதத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் கணக்கும் பலவகை உணவைத்தான் வேண்டுகிறது. முட்டையின் மஞ்சட்கருவை எறிந்தால், முட்டையிலுள்ள புரதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எறிந்தவர் ஆவோம். ஏ, டி வைட்டமின்களும் அத்தோடு போகும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. இட்லியும் பொங்கலும் அடையும் செய்த நம் பாட்டிமார்கள் இந்தப் பெயர்களைக் கேட்டதில்லை. ஆனால் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டார்கள். கோழியிலும் முட்டையிலும் நார்ச்சத்து அறவே இல்லை. மலச்சிக்கலுக்குக் காரணம் வேறு தேட வேண்டாம். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கோழிக் கறியில் அதில் சிறு பங்குகூட இல்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் ஏற எலுமிச்சைச் சாறு துணை செய்யும். உணவோடு குடிக்கும் காப்பி அதற்குத் தடையாகும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட அறிவுரையில், ஒரு நாளில் குறைந்தது 8 வகை உணவுத் தொகுதிகளிலிருந்து சத்துகளைப் பெற வேண்டும் என்றும், காய், கனி, கீரை, கிழங்கு ஆகியவை தட்டில் பாதி இடம் பெற வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. எடைப் பயிற்சி செய்வோருக்கும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதத்தால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் இல்லை என்றும், புரத மாவை நெடுநாள் உண்பது தகாது என்றும் அது எச்சரிக்கிறது.

60 கிலோ எடையுள்ள எங்கள் பையனுக்கு அந்த உச்ச அளவு 96 கிராம். நானும் அவனும் ஒரு ஞாயிறு காலை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். 75 கிராம் அரிசி-பருப்பில் வார்த்த அடையில் சுமார் 12 கிராம்; முழு முட்டை இரண்டில் 12; மீனோ கோழியோ 100 கிராமில் 20; பாலும் தயிரும் அரை லிட்டரில் 16; 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10; அரிசியும் கோதுமையும் 200 கிராமில் 17; சாம்பார்ப் பருப்பு 40 கிராமில் 9. கூட்டிப் பார்த்தான், சரியாக 96. மீண்டும் ஒரு முறை கூட்டினான். அதே 96! கீரை, காய், கொய்யா எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே, தட்டில் பாதி இடத்தில். “மாமா, அப்படியானால் அம்மா சமையலே போதுமா?” என்றான். “போதும், எண்ணெயை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்” என்றேன்.

வந்த இடத்திலும் நாம் கற்க வேண்டியவை உண்டு. வங்காளிகள் காளி பூசைக்கு முன்னாள் 14 வகைக் கீரைகளைச் சேர்த்துச் சமைப்பார்கள். வாழைப்பூவை அவர்கள் மதிப்பதுபோல் நாமும் மதிக்கிறோம். முள்ளோடு உண்ணும் சிறு மீன் சுண்ணாம்புச்சத்தின் களஞ்சியம். இம்மண்ணில் வாழ்ந்த மனோகர் ஐச் நான்கடி பதினோரங்குல உயரமே உடையவர்; 1952 இல் இலண்டனில் உலக ஆணழகர் போட்டியில் தம் பிரிவில் பட்டம் வென்று, நூறு வயதைக் கடந்து 2016 இல் மறைந்தார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால் என்ற எளிய உணவையே அவர் உண்டுவந்தார்.

இப்போது தங்கை வீட்டில் ஓர் உலைதான் கொதிக்கிறது. ஈறு தேறிவிட்டது. பையன் உடற்பயிற்சியை விடவில்லை, விடவும் கூடாது. சனிக்கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு அவனே லேக் மார்க்கெட்டுக்குப் போய், சென்ற வாரம் வாங்காத காய் எது என்று தேடி வாங்கி வருகிறான். சிறுநீரகக் கோளாறு முதலியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். மற்ற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுவே: சுத்தம் என்பது கழுவிச் சமைப்பதில் இருக்கிறது, ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் ஒதுக்குவதில் இல்லை. இரும்பைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வந்து, அம்மா எடுத்து வைக்கும் தட்டின் முன் எல்லோருடனும் உட்காருங்கள்.