தேநீர்க் கேத்தில் சொல்லும் செய்தி

பிள்ளைகள் ஓரிடம், பெற்றோர் வேறோரிடம் என்று பிரிந்து வாழ நேர்ந்த குடும்பங்கள் எம்மிடையே பல. "அம்மா இன்று எழும்பினாவா, சாப்பிட்டாவா?" என்ற ஏக்கம் அப்பிள்ளைகளை விட்டு அகல்வதில்லை. இதே கவலைக்கு யப்பான் நாட்டவர் கண்ட ஒரு வழியை இங்கு நோக்குவோம்.

1996ஆம் ஆண்டு டோக்கியோ நகரின் இக்கெபுக்குரோ பகுதியில் வயோதிபத் தாய் ஒருவரும், நோயாளியான அவரது மகனும் தமது வீட்டினுள்ளேயே பட்டினியால் மாண்டனர். பல நாட்களின் பின்னரே இது வெளியே தெரியவந்தது. சனநெருக்கம் மிக்க நகரில் இவ்வாறு நடந்தது நாட்டையே உலுக்கியது. முதியோர் அன்றாடம் கையாளும் பொருளைக் கொண்டே அவர்களது நலத்தை அறிய முடியாதா என்ற சிந்தனை பிறந்தது.

கேத்தில் செய்த வேலை

யப்பானிய முதியோர் நாளுக்குப் பலமுறை தேநீர் அருந்துவர். எனவே சோஜிருஷி நிறுவனம் சுடுநீர்க் கேத்திலைத் தெரிவு செய்தது. 2001ஆம் ஆண்டு 'ஐ-பொட்' என்ற பெயரில் அது வெளிவந்தது. கேத்திலினுள் ஒரு சிறு தொடர்புக் கருவி இருந்தது. முதியவர் நீர் ஊற்றும் நேரங்களை அது பதிந்து, நாளுக்கு இருமுறை தொலைவிலுள்ள பிள்ளைக்கு மின்னஞ்சலாக அனுப்பியது. வெளியே போகும்போது அழுத்துவதற்கென ஒரு பொத்தானும் இருந்தது. வழமையான நேரத்தில் தேநீர் இல்லையென்றால் பிள்ளை உடனே விசாரிக்கலாம்.

இதன் சிறப்பு யாதெனில், முதியவர் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. அவரைப் படம்பிடிக்கும் கமராவும் இல்லை. தன் வீட்டில், தன் விருப்பப்படி, தன் மானத்தோடு அவர் வாழலாம்.

எமக்கான பாடம்

கருவி செய்தி சொல்லும், விழுந்தவரைத் தூக்கிவிடாது. செய்தி கிடைத்ததும் ஓடிவர ஒருவர் வேண்டும். மின்சாரம் நின்றால் கருவியும் நின்றுவிடும். ஆகவே விலையுயர்ந்த பொருள் இல்லையே என்று நாம் மனம் தளரத் தேவையில்லை. பின்வருவனவற்றை நாமே செய்யலாம்:

- காலையில் முன்கதவைத் திறத்தல் அல்லது ஒரு 'மிஸ்ட் கோல்' கொடுத்தல் போன்ற ஓர் அடையாளத்தை முதியவரோடு பேசித் தீர்மானியுங்கள்.
- அடையாளம் தெரியாத நாளில் போய்ப் பார்க்க அயலவர் இருவரை ஒழுங்கு செய்யுங்கள். ஒருவர் இல்லாதபோது மற்றவர் உதவுவார்.
- முதியோர் இரவில் விழுவதைக் குறைக்க, மலசலகூடப் பாதையில் வெளிச்சம் வையுங்கள். படுக்கையருகே டோர்ச் லைற் இருக்கட்டும்.
- பிள்ளைகளின் இலக்கங்களைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். அவசரத்தில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதனையும் எழுதி வையுங்கள்.

இவற்றையெல்லாம் முதியவரின் சம்மதத்துடனேயே செய்தல் வேண்டும். வயல் உழுது, எம்மை வளர்த்து, இடம்பெயர்ந்த காலத்திலும் குடும்பத்தைக் காத்தவர்கள் அவர்கள். கண்காணிக்கப்படும் கைதிகளாக அவர்கள் தம்மை உணரலாகாது.

இடம்பெயர்வு எமது ஊர்களின் அயலைச் சிதறடித்தது. முன்பு வேலிக்கு மேலால் நலம் விசாரித்த அயலவர் இன்று எங்கெங்கோ. புதிய இடத்தில் அந்த அயலை நாமே திரும்பவும் கட்டியெழுப்ப வேண்டும். உங்கள் குடியிருப்பில் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? அடுத்த சங்கக் கூட்டத்தில் முதலில் அவர்களது பெயர்களை எழுதுவோம்.