மண்டிக்கு எத்தனை நடை?

'சென்சார் தரவைச் சேமிக்க எந்த டேட்டாபேஸ் வேகமானது? ஆளாளுக்குத் தங்களுடையதே முதலிடம் என்கிறார்களே?' என்று கேட்கிறார் ஒரு வாசகர். விளம்பரங்களைப் பார்த்துச் சலித்தவர் போலும்.

வரலாறு வேண்டுவோருக்கு: இப்படி நேரக்குறியோடு வந்துகொண்டே இருக்கும் டைம் சீரீஸ் தரவுக்கென்றே 1999-இல் ஆர்ஆர்டிடூல் வந்தது, 2013-இல் இன்ஃப்ளக்ஸ்டிபி, 2017-இல் போஸ்ட்கிரெஸ் மேல் ஏறி உட்கார்ந்த டைம்ஸ்கேல்டிபி. போதும்.

வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. டேட்டாபேஸையும் இயந்திரத்தையும் தொடாமல், தரவை உள்ளே அனுப்பும் வழியை மட்டும் மாற்றினாலே வேகம் பல மடங்கு கூடும், குறையும். ஒரு பதிவுக்கு ஒரு இன்சர்ட் கட்டளை அனுப்புவது, மண்டிக்கு மிளகாயை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் போடுவதுபோல. ஒவ்வொரு மிளகாய்க்கும் கணக்கப்பிள்ளை சீட்டைப் படிக்கிறார், எந்தக் கிடங்கு என்று யோசிக்கிறார், பேரேட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டுகிறார், பிறகு ரசீது தருகிறார். அந்தப் பூட்டல்தான் வட்டில் உறுதியாக எழுதும் வேலை. நேரத்தை விழுங்குவதும் பெரும்பாலும் அதுதான். அது போக, மண்டிக்குப் போய்வரவே ஒரு மில்லிசெகண்ட் என்றால், கணக்கப்பிள்ளை மின்னலாகவே இருந்தாலும் ஒரு இணைப்பில் நொடிக்கு 1000 மிளகாய்க்கு மேல் ஏறாது.

போஸ்ட்கிரெஸின் 'காப்பி' கட்டளை லாரியோடு வந்து நிற்கிறது: ஒரே சீட்டு, ஒரே பூட்டல். இன்ஃப்ளக்ஸ்டிபி ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு மூட்டையாகக் கட்டச் சொல்கிறது. டிடிஎன்ஜின் என்ற இன்னொரு டைம் சீரீஸ் டேட்டாபேஸின் 'பைண்டிங்' முறையில் சீட்டை ஒருமுறை படித்தால் போதும்; நேரமெல்லாம் ஒரு சாக்கில், வெப்பநிலையெல்லாம் இன்னொரு சாக்கில் வந்து இறங்கும். 27.5 என்று எழுத்தில் வந்ததை எண்ணாக மாற்றும் வேலையும் மிச்சம். (சாக்கில் வந்த மிளகாயைக் கிடங்கில் எப்படி அடுக்குகிறார்கள் என்று கேட்காதீர்கள்; உவமைக்கு மூச்சு வாங்குகிறது.)

இனி அந்த முதலிடங்கள். டிஎஸ்பிஎஸ் என்றொரு பொதுச் சோதனைக் கருவி உண்டு. அதை வெளியிட்டது டைம்ஸ்கேல்டிபியை உருவாக்கிய நிறுவனம்; அந்த நிறுவனத்தின் ஒப்பீட்டில் முந்தியது டைம்ஸ்கேல்டிபி. அதே கருவியை டிடிஎன்ஜின்காரர்கள் ஓட்டினார்கள், டிடிஎன்ஜின் முந்தியது! யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மூட்டையின் அளவு, இணைப்புகளின் எண்ணிக்கை, பூட்டும்வரை காத்திருந்தார்களா என்பது: இந்த மூன்றைத் திருகினாலே பட்டியல் தலைகீழாகலாம்.

ஆகவே வாசகரே, இப்போதிருக்கும் டேட்டாபேஸை மாற்றும் முன் உங்கள் நிரல் எத்தனை நடை நடக்கிறது என்று எண்ணுங்கள். பதிவுகளை ஆயிரம் ஆயிரமாகக் கட்டி அனுப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் விலைப்பட்டியலைத் தொடுங்கள்.