நாடக மன்னர்களின் காலணி

கொல்கத்தாவில் வாழும் தமிழ் மக்கள் ஆண்டுவிழாவிற்கெனச் சிறுவர் நாடகமொன்றை ஆயத்தம் செய்யும்போது, மகுடத்திற்கும் பட்டாடைக்கும் காட்டும் கவனத்தைக் காலணிக்குக் காட்டுவதில்லை. விழாவிற்கு முதல்நாள் மாலைதான் யாரேனும் ஒருவர் கரியாஹாட் நாற்சந்திக்கு விரைவார். முனை மேல்நோக்கி வளைந்து, சரிகை மின்னும் நாக்ராச் செருப்பொன்று கண்ணிற்படும். இராசராச சோழனுக்கு அதுவே வந்து சேரும்.

செருப்பு அழகியதே, ஆயின் அது மொகலாய அரசவையை நினைவூட்டுவது. அக்பராக நடிப்பவருக்கு மிகவும் ஏற்றது. 985-இல் அரியணை ஏறிய சோழனுக்கோ ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலப்பிழையாகிவிடும். வங்க மண்ணில் வளரும் நம் குழந்தைகளுட் பலர் தஞ்சையைக் கண்டதில்லை. மேடையில் கண்ட சோழனே அவர்கள் உள்ளத்தில் நிலைக்கும் சோழன்.

ஐயமுடையோர் சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை சென்று வருக. பாலர் காலத்துச் சூரியன் சிலைகள் உயர்ந்த பூட்ஸ் அணிந்து நிற்பதைக் காணலாம். தமிழ்நாட்டுச் சூரியனோ வெறுங்காலர். இவ்வேற்றுமையைக் கோபிநாத ராவ் தமது சிற்ப நூலில் அன்றே எடுத்துக்காட்டினார். நம் செப்புத் திருமேனிகளில் வில்லேந்திய இராமரும் வெறுங்காலுடனே நிற்கிறார். மரப்பாதுகை அணிந்து வருபவர் எவர் எனின், பிச்சைக்குப் புறப்பட்ட பிட்சாடனர்!

இதுகொண்டு பண்டைத் தமிழர் செருப்பறியாதவர் எனத் துணிதல் கூடாது. செருப்பு, தொடுதோல் என்னும் சொற்கள் சங்க நூல்களிலேயே உள்ளன. ஆயினும் அவை பரற்கல் நிறைந்த வழியில் நடப்போர்க்கே பெரிதும் உரியனவாகத் தோன்றுகின்றன. வேடனுக்கும் வணிகனுக்கும் தோற்செருப்பு அளியுங்கள். அவையில் வீற்றிருக்கும் மன்னனுக்கு வெறுங்காலில் வீரக்கழலே சிறப்பு. அட்டையிற் பொன்தாள் ஒட்டி அதனை வீட்டிலேயே செய்துவிடலாம். மேடைப் பலகையில் ஆணி துருத்தியுள்ளதா என்று மட்டும் முன்னரே பார்த்துவிடுங்கள். சிறுவர் கால் அல்லவா?

முனிவர்க்கும், பரதன் பெறும் பாதுகைக்கும் குமிழ் வைத்த மரப்பாதுகை வேண்டும். அது பலகைமீது எழுப்பும் ஓசை வசனத்தையே விழுங்கிவிடும். அடியில் ரப்பர்த் துண்டு ஒட்டுக. இருவிரல்களால் குமிழைப் பற்றி நடப்பதும் எளிதன்று. ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துப் பழக்குக.

ஆர்க்காட்டு நவாபு, தேசிங்குராசன் நாடகங்களாயின் கரியாஹாட் நாக்ராவைத் தயங்காது வாங்கலாம். நடிப்பவரை உடனழைத்துச் செல்க. பழைய முறையில் தைத்த நாக்ராவிற்கு இடம் வலம் என்ற பேதமில்லை. சில நாள் அணிந்த பின்னரே அது காலுக்கு அமையும்.